பிறந்த ஊரால் அலைக்கழிக்கப்பட்ட அறிஞர் முஹம்மது அஸத்

பாஸ்போர்ட்டில் 'பிறந்த இடம்' என்று ஒரு வரி உண்டு. நம்மில் பலர் அதைக் கவனித்துக்கூடப் பார்ப்பதில்லை. மார்க்கையன்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கிருந்தே வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்த வரியால் எந்தத் தொல்லையும் இல்லை. கொழும்பிலோ ரங்கூனிலோ பிறந்தவருக்கு அப்படியல்ல. ஜித்தாவில் பிறந்த குழந்தைக்கும் அப்படியல்ல. அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் அதிகாரியின் கேள்விகளே ஆரம்பமாகின்றன.

அந்த வரியால் வாழ்நாளின் பெரும்பகுதி அலைக்கழிக்கப்பட்ட ஒருவரை முஸ்லிம் உலகம் நன்கறியும். மக்காவுக்குத் தான் வந்து சேர்ந்த வழியை ஒரு நூலாகவே எழுதியவர் அவர். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் விளக்கவுரையோடு தந்தவரும் அவரே. அவர்தான் முஹம்மது அஸத்.

1900 ஜூலை 2ஆம் நாள் லெம்பெர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லியோபோல்ட் வெய்ஸ். பாட்டனார் யூத மத குரு, தந்தை வழக்கறிஞர். அன்று அந்த நகரம் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் பேரரசு சிதறியது, நகரம் போலந்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை வந்தது, பிறகு ஜெர்மானியப் படை வந்தது, மறுபடியும் சோவியத் ஆட்சி. இன்று அது உக்ரைனில் உள்ள லிவிவ். ஊர் நின்ற இடத்தில்தான் நின்றது. அதன் மேல் பறந்த கொடிகள்தான் மாறிக்கொண்டே இருந்தன.

அவரோ வியன்னாவில் வளர்ந்து, ஆஸ்திரியக் குடிமகனாகவே ஆவணம் வைத்திருந்தார். 1922இல் ஜெரூசலத்தில் இருந்த மாமாவின் அழைப்பில் கிழக்கே வந்தார். ஒரு ஜெர்மன் நாளிதழின் செய்தியாளராக அரபு நாடுகளையும் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் சுற்றினார். அந்தப் பயணங்கள் அவர் உள்ளத்தை இஸ்லாத்தின் பக்கம் திருப்பின. 1926இல் பெர்லினில் கலிமா சொல்லி முஹம்மது அஸத் ஆனார். அவருடைய மனைவி எல்ஸாவும் இஸ்லாத்தை ஏற்றார். 1927இல் இருவரும் ஹஜ்ஜுக்குச் சென்றபோது, மக்காவிலேயே எல்ஸா நோயுற்று வஃபாத்தானார்.

அதன் பிறகு சுமார் ஐந்து ஆண்டுகள் அவர் அரபு மண்ணிலேயே தங்கினார். மன்னர் அப்துல் அஸீஸின் நெருக்கத்தைப் பெற்றார். முனீரா என்ற அரபுப் பெண்ணை மணந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற மானுடவியல் அறிஞர் தலால் அஸத் இவர்களின் மகன்தான். 1932இல் இந்தியா வந்தார். இங்கிருந்து கிழக்கு துர்கிஸ்தான், சீனா, இந்தோனேசியா என்று போவதுதான் அவருடைய திட்டம். அல்லாமா இக்பாலைச் சந்தித்த பிறகு இங்கேயே தங்கிவிட்டார். 1934இல் முஸ்லிம்கள் மேற்கைக் கண்மூடிப் பின்பற்றுவதை எச்சரிக்கும் நூலை வெளியிட்டார். ஸஹீஹுல் புகாரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

இந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் நாட்டோடு இணைத்துக்கொண்டான். ஆஸ்திரியா என்ற நாடே வரைபடத்தில் இல்லாமல் போனது. வியன்னாவில் இருந்த தந்தையையும் சகோதரியையும் மீட்க அஸத் 1939இன் தொடக்கத்தில் ஐரோப்பா சென்றார். யூத அகதிகளுக்கு விசா கொடுக்க நாடுகள் தயங்கி நின்ற காலம் அது. முந்தைய ஆண்டு ஜூலையில்தான் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசிவிட்டு, பெரும்பாலானவை கதவைத் திறக்காமலே கலைந்திருந்தன. அஸத்தின் முயற்சி பலிக்கவில்லை. அவர் வெறுங்கையோடு இந்தியா திரும்பினார்.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது. ஆஸ்திரியா ஜெர்மனியாகிவிட்டதால் அவரும் எதிரி நாட்டவர் என்று கணக்கில் எழுதப்பட்டார். இதிலுள்ள கொடுமையைக் கவனிக்க வேண்டும். ஹிட்லரின் பார்வையில் அவர் யூதராகப் பிறந்தவர், ஆகவே பகைவர். ஆங்கிலேயரின் பார்வையில் ஹிட்லரின் நாட்டவர், ஆகவே அவர்களுக்கும் பகைவர். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் முஸ்லிமாக வாழ்ந்ததும், ஏழு ஆண்டுகளாக இந்தியாவில் இருந்ததும் யார் கணக்கிலும் வரவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முள்வேலிக்குள் கழித்து, 1945 ஆகஸ்டில்தான் அவர் விடுதலையானார். அதற்குள் தந்தையும் சகோதரியும் வியன்னாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு, நாஜிகளின் கையில் மாண்டுபோயிருந்தனர்.

1947இல் பிரிவினை வந்தது. அஸத் லாகூருக்குச் சென்றார். கலவரத்தில் அவருடைய புகாரி மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படிகள் பெரும்பாலும் அழிந்தன. பிறகு பாகிஸ்தான் வெளியுறவுத் துறையில் மத்திய கிழக்குப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அரசு வேலையாக வெளிநாடு செல்ல வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். மறுபடியும் அதே வரி குறுக்கே நின்றது. புதிய நாட்டுக்குக் குடியுரிமைச் சட்டமே இன்னும் வரவில்லை. அது 1951 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை அங்குள்ளவர்களுக்குப் பிரிட்டிஷ் பிரஜை என்று எழுதிப் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். அஸத்தோ பிரிட்டிஷ் பிரஜை அல்ல, ஏட்டின்படி ஆஸ்திரியர். எழுத்தர்களுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. மேலிடம் தலையிட்ட பிறகு, பாகிஸ்தான் குடிமகன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதப்பட்ட முதல் பாஸ்போர்ட் அவருடையதுதான் என்று சொல்லப்படுகிறது.

அத்தோடும் முடியவில்லை. ஐக்கிய நாடுகள் சபையில் பாகிஸ்தானின் பிரதிநிதிகளில் ஒருவராக நியூயார்க் சென்றவர், இஸ்லாத்தைத் தழுவிய போலா ஹமீதா என்ற அமெரிக்கப் பெண்ணை மணக்க விரும்பினார். தூதரகப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்க அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை. 1952இல் பதவியை விட்டார். அந்த ஓய்வில் எழுதியதுதான் 1954இல் வந்த, மக்கா நோக்கிய பயணத்தைச் சொல்லும் நூல். பின்னர் மொராக்கோவின் தஞ்சீர் நகரில் நெடுங்காலம் வாழ்ந்து குர்ஆன் விளக்கவுரையை எழுதினார். அது முழுமையாக 1980இல் வெளிவந்தது. அதில் சில இடங்களில் உலமாக்கள் அவரோடு மாறுபடுகிறார்கள். ஆனால் அவருடைய உழைப்பை மறுத்தவர் இல்லை. 1992 பிப்ரவரி 20ஆம் நாள் ஸ்பெயினில் வஃபாத்தாகி, கிரனாடாவின் முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். 2008இல் வியன்னா நகரம், ஐ.நா. அலுவலகத்தின் முன்னுள்ள சதுக்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இந்த வாழ்க்கையில் நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிறக்கும் ஊரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் அரசுகள் அந்த ஊரை வைத்தே நம்மை எடைபோடுகின்றன. இன்றும் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தானில் பிறந்தவர்களாக இருந்தால், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் இந்தியாவின் இ-விசா கிடையாது. தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கும் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கும், தாயகம் திரும்பியபோது கொடுக்கப்பட்ட பழைய காகிதங்கள்தான் இன்றும் ஆதாரம்.

வளைகுடாவில் குழந்தை பெறும் நம் பிள்ளைகள் இதை முக்கியமாக அறிய வேண்டும். பெற்றோர் இருவரும் இந்தியராக இருந்தாலும், வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியும் தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதியைத் தேடி அலைய நேரும். அந்த நாட்டு ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றிதழ் மட்டும் போதாது.

அஸத் அவர்களுக்கு நேர்ந்தது அவருடைய அலட்சியத்தால் அல்ல, பேரரசுகளின் போட்டியால். அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. நம் பிள்ளைகளுக்கு நேரக்கூடியதில் பெரும்பகுதியை, தூதரகத்துக்கு ஒரு நாள் போய் வருவதன் மூலமே நம்மால் தடுக்க முடியும். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அவர்களுடைய காகிதங்களும் அந்த அமானிதத்தில் சேர்ந்தவையே. அல்லாஹ் முஹம்மது அஸத் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்றை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.