குவாதலூப்புத் தீவின் ஹென்றி சிதம்பரம்

தம் முன்னோர் யாவர், அவர் எவ்வூரினின்று போந்தனர் என்று அறியும் விருப்பம் மக்கட்கு இயல்பாக அமைந்ததொன்று. பிறந்த ஊரிலேயே நிலைத்து வாழ்வார்க்கு அவ்வறிவு எளிதிற் கிட்டும். பாட்டனார் நட்ட தென்னையும், பூட்டனார் வெட்டிய குளமும், கல்லறைத் தோட்டத்திற் சாய்ந்து நிற்கும் கல்லும், முதியோர் வாய்மொழியும் அவர்க்கு ஏடுகளாய் நின்று உதவும். ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்தாருடைய மக்கட்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அன்னோர்க்கு முன்னோரைப் பற்றிய அறிவு வெறும் வேட்கையளவில் நில்லாமல், வாழும் நாட்டில் உரிமை பெறுதற்கே அடிப்படையாதலும் உண்டு. பாபிலோன் சிறையினின்று மீண்டவருட் சிலர், தம் வமிச அட்டவணையைத் தேடிக் காணாமையால் ஆசாரியப் பணிக்குப் புறம்பாக்கப்பட்ட செய்தி எஸ்றாவின் புத்தகத்தில் வருதலை நம் மாணவர் பலர் அறிவர். அதனையொத்த வழக்கொன்று 1904-ம் ஆண்டில், அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பாலுள்ள குவாதலூப்பு என்னும் பிரெஞ்சுத் தீவில், நம் நாட்டார் மக்கள்மேல் எழுந்தது. அவ்வழக்கில் அவர்கட்காக நின்று வாதாடியவர் ஹென்றி சிதம்பரம் என்பார். அவர் வரலாற்றையும், அதற்குக் காரைக்காற் கரையோடுள்ள தொடர்பையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

காரைக்கால், அரசலாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்த சிறு பகுதி. தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739-ம் ஆண்டில் அதனைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். அதனைச் சூழ்ந்து கிடந்த தஞ்சை நாடோ 1799-ம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி ஆகிய இடங்கள் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தன. அவற்றை அடுத்த நன்னிலம் தாலூகா ஊர்கள் ஆங்கிலக் கொடியின்கீழ் இருந்தன. இரு புறத்தாரும் ஒரே காவிரி நீரைப் பாய்ச்சினர். ஒருவரோடொருவர் பெண் கொண்டனர், கொடுத்தனர். ஒரு வயலின் வரப்பே ஈரரசுகட்கு எல்லையாய் நின்றதும் உண்டு. அவ்வரப்பைத் தாண்டும்போது உழவன் ஒருவனுக்குத் தான் வேற்று நாட்டிற் புகுகின்றோம் என்னும் எண்ணம் தோன்றியிராது. ஆயினும் அவ்வரப்பு, பின்னாளில் அவன் பேரனுடைய உரிமையை ஐயத்துக்கு உள்ளாக்குதற்குக் காரணமாயிற்று. அஃது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848-ம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் தம்மை வருத்திய கரும்புத் தோட்டங்களை விட்டு விலகலாயினர். தோட்டமுடையார் கூலியாட்களை வேறிடங்களிற் தேடினர். அத் தேட்டத்தின் விளைவாகப் புதுச்சேரியும் காரைக்காலும் ஆளேற்றும் துறைகளாயின. ஒரேலி என்னும் கப்பல் இந்தியத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 1854-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் நாள் குவாதலூப்பை அடைந்தது. அந்நாள் தொடங்கி 1889-ம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 42,000 பேர் அத்தீவிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். கல்கத்தாவினின்று சென்றோரும் அவருள் உளரேனும், பெரும்பாலார் நம் தென்னாட்டினரே. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் அக்கடற் செலவு ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. அதன் முடிவில் ஊர் திரும்பும் உரிமையும் அதன்கண் எழுதப்பட்டிருந்தது. எனினும் மீண்டு வந்தோர் நால்வருள் ஒருவர்க்கும் குறைவே. மிகப் பலர் நோயாலும் கடிய உழைப்பாலும் ஒப்பந்தக் காலத்திலேயே மாண்டனர். எஞ்சினோர் அம்மண்ணிலேயே மனைவி மக்களோடு வேரூன்றினர்.

இவர்களுடைய பெயர்கள் பட்ட பாடு தனியே கூறத்தக்கது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்பதொன்று இல்லை. தன் பெயரும் தந்தை பெயருமே ஒருவனை விளக்குவன. கப்பற் பதிவேடு எழுதிய பிரெஞ்சு எழுத்தரோ தம் செவிக்கு எட்டியவாறு தம் நாட்டெழுத்தில் எழுதிக்கொண்டனர். முத்துசாமி 'மூத்துசாமி' ஆனார்; சாமிநாதன் 'சாமிநாதேன்' ஆனார்; சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆயிற்று. ஒரு தனி மனிதனுடைய பெயராய் இருந்தது, தீவில் பிறந்த அவன் மக்கள் அனைவர்க்கும் வழிவழி வரும் குடும்பப்பெயராய் நிலைத்தது. பெயரோடு ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணும் கொடுக்கப்பட்டது. தாய்மொழி மறைந்து, சமயம் பலவிடத்து மாறி, ஊர்ப்பெயர் நினைவினின்று நீங்கிய பின்னரும், அவ்வெண்ணும் சிதைந்த அப்பெயருமே கரையையும் தீவையும் பிணைக்கும் நூலிழையாய் எஞ்சின.

இத்தகைய மரபில், குவாதலூப்பின் கபெஸ்தேர் என்னும் ஊரில் 1863-ம் ஆண்டில் ஹென்றி சிதம்பரம் பிறந்தார். அவர் பெயரின் முற்பகுதி அவர் வளர்ந்த நாட்டையும், பிற்பகுதி கொள்ளிடத்துக்கு வடக்கே நாம் நன்கறிந்த தலத்தையும் காட்டி நிற்றல் காண்க. கரும்புத் தோட்டக் கூலிகள் என்று இகழப்பட்ட குலத்தினின்று தோன்றிய அவர், பிரெஞ்சு மொழியையும் சட்டத்தையும் தெளிவுறக் கற்றுப் பொதுவாழ்வில் இறங்கினார். சமாதான நீதிபதியாகவும் விளங்கினார். அக்காலத்தில் இந்தியர் வழித்தோன்றல்கள் எழுத்தறிவு பெறுதலே அரிது. தோட்டத்து வேலைக்குச் சிறுவரும் அழைக்கப்பட்டமையின் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் சிலரே. அந்நிலையில் ஒருவர் உயர்வடைந்தால், தம் குலத்தாரை மறந்து தனியே வாழ முற்படுதல் உலகியல்பு. சிதம்பரமோ தாம் பெற்ற கல்வியைத் தம்மவர் கையிற் கருவியாக்கினார்.

1904-ம் ஆண்டில், குவாதலூப்பிற் பிறந்த இந்தியர் மக்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிற் சேர்க்கவேண்டுமென அவர் முறையிட்டார். தீவின் ஆளுநர் அதனை எதிர்த்தார். ஆளுநர் பக்கத்து வாதம் முதற்கண் வலியுடையது போன்றே தோன்றும். பிரெஞ்சு அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 1861-ம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பிரிட்டிஷ் இந்தியாவிலுள்ளாரையும் பிரெஞ்சுத் தீவுகட்கு ஆளெடுக்க இசைவு தரப்பட்டது. ஆதலின் அங்ஙனம் வந்தோர் ஆங்கில அரசின் குடிகளே. அவர் மக்களும் அயலாரே. அயலார்க்கு வாக்குரிமை இல்லை என்பது அவ்வாதம்.

நாம் மேற்கூறிய வயல் வரப்பு ஈண்டே குறுக்கிடுகின்றது. காரைக்காலிற் கப்பலேறியவரெல்லாம் காரைக்காலாராய் இருக்கவில்லை. தஞ்சைச் சீமையின் ஊர்களினின்று ஆள்பிடிப்போரால் அழைத்து வரப்பட்டு அத்துறையிற் கப்பலேறியவர் பலர். ஏறிய துறை பிரெஞ்சுத் துறையாயினும், பிறந்த ஊர் ஆங்கிலச் சீமையதாயின் அவர் பிரெஞ்சுக் குடி ஆகார். திருநள்ளாற்றானும் நன்னிலத்தானும் ஒரே கப்பலில், ஒரே தட்டில், ஒரே கஞ்சியை உண்டு சென்றிருப்பினும், சட்டத்தின் கண்ணுக்கு ஒருவன் உள்ளவன், மற்றவன் அயலான். அரை நூற்றாண்டு கழிந்த பின், பாட்டன் பிறந்தது வரப்புக்கு எப்புறம் என்று பேரனைக் கேட்பின் அவன் யாது விடை கூறுவான்? ஊர்ப்பெயரே பதிவேட்டில் உருமாறிக் கிடக்க, சான்று பகர்வோர் எல்லாரும் மண்ணுக்குள் மறைந்திருக்க, அவ்வினாவே அவன் உரிமையைப் பறிப்பதாயிற்று.

சிதம்பரம் தம்மவர் பிறந்த மண்ணை முன்னிறுத்தினார். 1889-ம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணுக்குப் பெருமதிப்பு அளித்தது; அச்சட்டம் குவாதலூப்பிற்கும் செல்வதாயிற்று. தீவிற் பிறந்து, தீவின் மொழி பேசி, வேறு நாட்டைக் கண்ணாலும் காணாத மக்களை அயலார் என்பது எங்ஙனம் பொருந்தும்? இதுவே வழக்கின் உயிர்நிலை. நீதிமன்றங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வழக்கு இழுபட்டது. ஆளுநர்கள் மாறினர், ஐரோப்பியப் பெரும்போர் மூண்டு முடிந்தது, சிதம்பரம் மட்டும் தம் முயற்சியைக் கைவிட்டிலர். இறுதியாக 1923-ம் ஆண்டில், ரேமோன் புவங்காரே பிரெஞ்சு அரசின் தலைமை அமைச்சராய் இருந்த காலத்தில், குவாதலூப்பிலுள்ள இந்தியர் வழியினர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் அதனோடு ஒட்டிய வாக்குரிமையும் ஏற்கப்பட்டன. முறையீடு செய்த நாளில் நாற்பதைக் கடந்திருந்தவர், பயன் கண்ட நாளில் அறுபதை எட்டியிருந்தார்.

அவர் செய்த மற்றொரு பணியும் போற்றற்குரியது. வழக்கின் எழுத்துகளையெல்லாம் அழியவிடாது தொகுத்து நூலாக்கி வைத்தார். பதிவு இன்மையால் ஒரு குலம் எத்துணை இடர்ப்பட்டது என்பதை நேரிற் கண்டவராதலின், தம் குலத்தார் பெற்ற வெற்றியேனும் பதிவின்றி மறையலாகாது என்று அவர் கருதினார் போலும். 1952-ம் ஆண்டில், தம் எண்பத்தொன்பதாம் வயதில், அவர் உயிர் நீத்தார். அதற்கு இரண்டாண்டு கழித்து, 1954-ம் ஆண்டு நவம்பர் முதல் நாளில், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கி இந்தியாவொடு சேர்ந்தது. பாட்டன்மார் புறப்பட்ட துறை பிரெஞ்சுக் கொடியை இறக்கியது. பேரன்மார் வாழும் தீவோ இன்றும் பிரெஞ்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே உள்ளது.

இக்காலத்தில் அத்தீவினரும், அதன் அயலதாகிய மர்த்தினிக்குத் தீவினரும், தம் வேரைத் தேடி நம் கரைக்கு வருகின்றனர். அவர் செல்லும் நெறி இது. முதலில் வீட்டு முதியோர் கூறும் பெயர்களைக் குறித்துக்கொள்வர். பின்னர் ஊராட்சி மன்றத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளிற் தந்தை, பாட்டன் என ஒவ்வொரு தலைமுறையாய்ப் பின்னோக்கிச் செல்வர். அங்ஙனம் சென்று கப்பலில் வந்தவனுடைய எண்ணை அடைந்தபின், குவாதலூப்பின் ஆவணக் காப்பகத்திலும், பிரெஞ்சு நாட்டின் ஏக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்திலும் தேடுவர். இந்திய அரசு வழங்கும் வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெறுதற்கும் முன்னோர் இந்நாட்டினர் என்னும் சான்று வேண்டப்படுகின்றது. அன்று இந்தியன் என்றமையால் உரிமை மறுக்கப்பட்டவனுடைய வழியினர், இன்று இந்தியன் என்பதை மெய்ப்பிக்க ஏடு தேடுகின்றனர்.

அவர் தேட்டம் பெரும்பாலும் தடைப்படுவது நம் கரையிலேதான். முன்னோர் உடலை எரித்த குடும்பங்கட்குக் கல்லறை இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்கட்குக் கல்லறை உண்டு. கோயில் ஞானஸ்நானப் பதிவேடும் உண்டு. ஆயின் கடற்காற்றின் உப்பு கல்லெழுத்தை அரிக்கின்றது. ஏட்டைச் செல் அரிக்கின்றது. இவையேயன்றி 1881-ம் ஆண்டுக்குப் பின் மற்றுமோர் இடர்ப்பாடு நேர்ந்தது. அவ்வாண்டின் அரசாணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் தம் இனவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை மேற்கொண்டோர் புதுக் குடும்பப்பெயர் சூடினர். ஆதலின் கடல் கடந்த தம்பியின் வழியினர் ஒரு பெயரோடும், காரைக்காலிற் தங்கிய அண்ணன் வழியினர் மற்றொரு பெயரோடும் வாழ்தல் கூடும். இருவரும் ஒரு தெருவில் எதிர்ப்பட்டாலும் உறவறியாது கடந்து செல்வர்.

நண்பர்காள்! சிதம்பரத்தின் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பெயரைப் பிழையின்றி எழுதுதலும், பிறந்த ஊரைத் தெளிவாகக் குறித்தலும் சிறு செயல்களாகவே தோன்றும். எழுத்தர் ஒருவர் கருத்தின்றி எழுதிய ஒரு வரி, ஐம்பதாண்டு கழித்து ஓராயிரம் பேரைக் குடியுரிமைக்குப் புறத்தே நிறுத்தவல்லது என்பதற்கு மேற்கூறிய வழக்கே சான்று. காரைக்கால், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களினின்று இக்கல்லூரிக்கு வந்து பயில்வோரும், பயின்று சென்ற பெரியோரும் நம்மிடையே உள்ளனர். அவரவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் எழுத்து மறையுமுன் படியெடுத்து வைத்தல் ஒரு விடுமுறைக் காலத்திற்குள் முடியக்கூடிய பணி. கோயிற் குருமாரின் இசைவு பெற்றுப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை நிழற்படமாக்குதலும் அத்தகையதே. கப்பலேறிப் போய்த் திரும்பாத பெரிய பாட்டனார் ஒருவரைப் பற்றி வீட்டு முதியோர் கூறுவராயின், அவர் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் அன்றே எழுதி வைத்துக்கொள்க. கரும்புத் தோட்டத்து மண்ணிற் புதைந்த அவருடைய கொள்ளுப்பேத்தி ஒருத்தி, அவ்வொரு வரியைத் தேடியே நாளை நம் ஊர்த் தெருவில் வந்து நிற்றலும் கூடும்.