தூரிகையோடு வந்த அகதி

பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை புதுச்சேரியிலிருந்து வெளிவர உழைத்தவர்களுள் ஒருவர், சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா. அவரைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோதுதான் அவர்தம் துணைவியார் மாக்தா நாக்மனை நான் அறிந்தேன். புரட்சிக்காரரின் மனைவி என்ற ஒரு வரியில் அடங்கிவிடக் கூடியவர் அல்லர் அவ்வம்மையார்.

1889-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை யூதர்; தாய் லூத்தரன் கிறித்தவர். மகளுக்கும் ஞானஸ்நானம் செய்வித்தனர். ஓவியர் பாக்ஸ்டிடம் பயின்று, 1913-இல் கவிஞர் மரினா ஸ்வெத்தாயேவாவின் உருவத்தைத் தீட்டினார். புரட்சிக்குப் பின் மாஸ்கோவில் ஆச்சார்யாவை மணந்தார். 1922-இல் இருவரும் பெர்லின் சேர்ந்தனர். வறுமைதான். ஆயினும் தம்மைப் போலவே நாடிழந்து அங்கு வாழ்ந்த ரஷ்யர்களின் முகங்களை வரைந்துகொண்டே இருந்தார். எழுத்தாளர் நபக்கோவ் அவர்களுள் ஒருவர். அந்த மூல ஓவியம் பின்னர்த் தொலைந்துபோயிற்று.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தான். ஞானஸ்நானம் பெற்றிருந்தால் என்ன? தந்தை யூதர் என்பதே நாஜிகளுக்குப் போதுமானதாக இருந்தது. (பிறப்பைக் கேட்டு ஆளை ஒதுக்கும் வழக்கத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) கணவரோ இந்தியர், எந்த அரசையும் ஏற்காத கொள்கையினர். 1934-இல் பெர்லினை விட்டு வெளியேறி, ஸ்விட்சர்லாந்தில் தங்கி, 1936-இல் அம்மையார் பம்பாய் வந்தடைந்தார்.

இங்கும் அவர் வரைந்தவை பெரும்பாலும் மனிதர்களையே: உழைக்கும் பெண்கள், சிறுவர்கள், ஏழைகள். ஓசூரில் எங்கள் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார்த் தொழிலாளர் பலர் குடியிருக்கின்றனர். என் தந்தையும் பிழைப்புக்காக ஊரைவிட்டு இங்கு வந்தவரே. அப்படியிருந்தும், ஷிப்டு முடிந்து வரும் அம்முகங்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. மொழி தெரியாத நாட்டில் அம்மையார் அத்தகைய முகங்களைத்தான் முதலில் பார்த்தார் என்றறிந்தபோது வெட்கமாக இருந்தது.

வியன்னாவின் யூத நடனமணி ஹில்டே ஹோல்கர் 1939-இல் பம்பாய்க்குத் தப்பி வந்தார். உறவினர் பலரை நாஜிகளுக்குப் பலிகொடுத்தவர். அவர்தம் நடனங்களுக்கு உடை வரைந்து கொடுத்தவர் மாக்தாவே. கொலைக்களத்தை அம்மையார் கண்டதில்லை. அதிலிருந்து தப்பியவர் ஆடியதைக் கண்டு வரைந்தார்.

1951 பிப்ரவரி 12 அன்று அவருடைய ஓவியக் கண்காட்சி திறப்பதாக இருந்தது. திறப்புக்குச் சில மணி நேரம் முன்பு அவர் உயிர் நீத்தார். இரங்கற் கட்டுரை எழுதிய ரூடி வான் லைடனும் 1933-இல் ஜெர்மனியை விட்டு வந்தவர். ஆச்சார்யா 1954-இல் அதே பம்பாயில் காலமானார்.