மேஜர் பவலும் அரசாங்கப் பொருளும்

அரசாங்கப் பொருளைக்கொண்டு ஆராய்ச்சி நடத்துவோர்க்குப் பொருள் கிடையாமை ஓர் இடர். பொருள் தந்தோர் விரும்பாத உண்மையைக் கண்டுபிடித்தல் அதனினும் பேரிடர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புவிச்சரித அளவைத் திணைக்களத்துக்கு 1881 தொடக்கம் 1894 வரை தலைவராயிருந்த யோன் உவெஸ்லி பவல் இவ்விரண்டையும் கண்டவர். கொலராடோ ஆற்றைக் கடந்த வீரரென்றே அவரைப் பலரும் அறிவர். அவ்வாற்றினும் கொடிய சுழிகளை அவர் வாசிங்டன் நகரிலே கண்டாரென்பதைச் சிலரே அறிவர்.

பவல் 1834 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆந் தேதி நியூயோர்க் மாநிலத்து மவுண்ட் மொரிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்திலிருந்து குடியேறிய மெதடிஸ்த சமய போதகர். அடிமை முறையை வெளிப்படையாக எதிர்த்தவர். அதனால் ஒகாயோ மாநிலத்திலே பள்ளி சென்ற காலத்திற் பிற சிறுவர் கல்லெறிய, மைந்தர் பள்ளியை விட்டு அயலிலிருந்த அறிஞரொருவரிடம் பாடங் கேட்க நேர்ந்தது. பின்னர் இலினோய் மாநிலத்தில் ஆசிரியத் தொழில் பார்த்தார். (அவரும் நம்மவரே என்பதில் எமக்கொரு மகிழ்ச்சி.) உள்நாட்டுப் போர் மூண்டதும் படையிற் சேர்ந்தார். 1862 ஏப்ரலில் சைலோ போர்க்களத்திலே குண்டு பட்டு, வலக்கை முழங்கைக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. அவரோ புண் ஆறியதும் மீண்டும் களம் புகுந்து, மேஜர் பதவியுடன் வெளியேறினார்.

1869 மே 24 இல் ஒன்பதின்மர் துணையுடன் நான்கு படகுகளில் பவல் ஆற்றிலிறங்கினார். அப்பயணத்துக்கு அரசாங்கம் அளித்தது படைக்களஞ்சியத்து உணவுப் பொருள் மாத்திரமே. புகையிரதக் கம்பனிகள் கூலியின்றிச் சுமையேற்றின. கருவிகள் சில சிமித்சோனியன் நிலையத்தாரால் உதவப்பட்டன. வழியில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. உயரமளக்கும் பாரமானிகள் அதிலே அகப்பட்டிருந்தமையால் தலைவர் கலங்கினார். இருவர் உயிரைப் பணயம் வைத்து அவற்றை மீட்டனர். அவர்கள் கூடவே ஒரு சிறு மதுப்பீப்பாவையும் கொண்டுவந்தனரென்றும், ஏனையோரின் மகிழ்ச்சி அதன்பொருட்டே என்றும் வரலாறு கூறும். ஆகஸ்ட் 30 இல் பெரும் பள்ளத்தாக்கைக் கடந்து வெளிப்பட்டோர் அறுவரே. ஒருவர் முன்னரே விலகினார். இறுதியில் மூவர் ஆற்றுக்கு அஞ்சி மலையேறிப் பின் திரும்பவேயில்லை. இதன் பின்னரே, 1870 இல், காங்கிரசு 10,000 டொலர் ஒதுக்கியது.

புவிச்சரித அளவைத் திணைக்களம் 1879 மார்ச் 3 இல் நிறுவப்பட்டது. முதற்றலைவர் கிளாரன்ஸ் கிங் ஈராண்டில் விலகவே, பவல் அப்பதவியை ஏற்றார். திணைக்களத்தின் வேலை மேற்றிசைப் பொதுக் காணிகளோடு நின்றிருந்தது. 1882 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலே நாடு முழுமைக்குமான புவிச்சரிதத் தேசப்படம் பற்றிச் சில சொற்கள் சேர்ந்தன. அச்சில சொற்களைப் பற்றிக்கொண்டே பவல் தமது பணியை நாடெங்கும் பரப்பினார்.

அறிவியலுக்கு அரசாங்கம் ஏன் செலவிடல் வேண்டுமென்ற வினா எழுந்தது. 1884 இற் காங்கிரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. செல்வரும் விஞ்ஞானியுமாகிய அலெக்சாந்தர் அகாசி, தனியார் செய்யக்கூடியதை அரசாங்கம் செய்தல் தகாதென வாதித்தார். பவல் கூறிய மறுமொழி எண்ணத்தக்கது. ஒருவனுடைய காணி பிறனுக்கு ஆகாது. ஒருவன் பெற்ற அறிவோ பிறனுடைய அறிவைக் குறைப்பதில்லை, பெருக்குவதேயாம். ஆதலின் பொதுப் பொருளால் வளர்க்கத் தக்கது அறிவே என்பது அவர் கருத்து. குழுவும் அவர் பக்கமே சார்ந்தது.

இடர் வந்தது வேறு வழியால். 1878 இல் வெளியிட்ட வறள்நில அறிக்கையிலே, 100 பாகை மேற்கு நெடுங்கோட்டுக்கு அப்பால் மழை ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாதலால் நீர்ப்பாசனமின்றிப் பயிர் விளையாதென்றும், குடியேறுவோர்க்கு வழமையாகக் கொடுக்கும் 160 ஏக்கர் அந்நிலத்துக்குப் பொருந்தாதென்றும் அவர் எழுதியிருந்தார். பாசனமுள்ள காணியாயின் 80 ஏக்கர் போதும். மேய்ச்சல் நிலமாயின் 2,560 ஏக்கரும் வேண்டும். ஏர் செல்லுமிடமெல்லாம் மழையும் பின்வருமென்று மக்கள் நம்பிய காலம் அது. காணி விற்போர்க்கு அந்நம்பிக்கை பெரும் முதல். பவலின் கணக்கு எவர்க்கு இனிக்கும்?

வறட்சி வந்து மக்கள் வருந்தியபோது காங்கிரசு அவரையே நாடியது. நீர்த்தேக்கங்களுக்கும் பாசனத்துக்கும் உரிய இடங்களை அளந்தறியும்படி 1888 இல் 100,000 டொலரும், அடுத்த ஆண்டு 250,000 டொலரும் ஒதுக்கியது. அளவை முடியும்வரை அக்காணிகளை எவரும் பெறலாகாதென்ற விதியும் உடன் சேர்ந்தது. 1890 இல் அவ்விதி மேற்றிசை எங்கும் காணிப் பதிவை நிறுத்திவிட்டது. முன்னர் அவரை ஆதரித்த நெவாடா மாநிலத்து மூதவை உறுப்பினர் வில்லியம் ஸ்டூவர்ட் கடும் பகைவரானார். விரைந்து அளந்து சில இடங்களையேனும் விடுவித்திருப்பின் பவலுக்கு நன்றாயிருந்திருக்கும். முழுத் தேசப்படமும் முடியாமல் ஓரிடத்தையும் விடேனென்று அவர் நின்றார். உண்மை அவர் பக்கத்திலிருந்தது. பொறுமை எவர் பக்கத்திலும் இருக்கவில்லை. 1890 ஆகஸ்ட் 30 இல் அவ்விதி நீக்கப்பட்டது. பாசன அளவையும் நின்றது. ஆற்றிலிருந்து அவர் கரையேறி அன்றோடு சரியாக 21 ஆண்டு.

1892 இல் அடி திணைக்களத்தின்மீதே விழுந்தது. அலபாமா மாநிலத்துப் பிரதிநிதி ஹேர்பேட், பற்களுள்ள பறவைகளைப் பற்றிப் பேராசிரியர் மார்ஷ் எழுதிய உயிர்ச்சுவட்டு நூலைக் காட்டி, பொதுப்பணம் இதற்கோ என்று நகைத்தார். அந்நூல் பவல் தலைவராகுமுன்னரே, 1880 இல், வேறோர் அளவைக் குழுவாற் பதிப்பிக்கப்பட்டதென்பதை நகைத்தோர் பொருட்படுத்தவில்லை. நிதி குறைந்தது, ஆராய்ச்சியாளர் பலர் வேலை இழந்தனர். மார்ஷையும் பதவி விலகும்படி பவலே தந்தியடிக்க நேர்ந்தது.

1893 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூடிய நீர்ப்பாசன மகாநாட்டிலே, உள்ள நிலம் முழுவதற்கும் பாய்ச்ச நீர் போதாதென அவர் எடுத்துரைத்தார். சபையோர் கூச்சலிட்டனர். அடுத்த ஆண்டு பதவியைத் துறந்து, தாம் 1879 முதல் நடத்திவந்த மக்களினவியல் நிலையத்தின் பணியோடு அமைந்தார். அமெரிக்க அரசாங்கம் அணை கட்டும் பொறுப்பை ஏற்ற சட்டம் 1902 யூனில் நிறைவேறியது. அவ்வாண்டு செப்டெம்பர் 23 இல் பவல் காலமானார்.

1922 இல் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றுநீரைத் தமக்குட் பங்கிட்டபோது, ஆறு தரும் நீரினும் மிகுதியாகவே கணக்கிட்டுக்கொண்டன. 1963 இல் அவ்வாற்றிற் கட்டிமுடித்த கிளென் கன்யன் அணையின் நீர்த்தேக்கத்துக்குப் பவலின் பெயரையே சூட்டினர். 2023 இன் தொடக்கத்தில் அந்நீர்த்தேக்கத்தில் எஞ்சிய நீர், கொள்ளளவின் நாலிலொரு பங்குக்கும் குறைவு. அந்நீரை அளந்து நாடோறும் அறிவிப்போருள் அவருடைய திணைக்களத்தாரும் உளர். அவர்களுக்குரிய பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்குவது அதே காங்கிரசு.