செத்த பிறகு முகமது அலியை 'நாக்-அவுட்' செய்தவர்!
49 சண்டையிலும் தோற்காத ராக்கி மார்சியானோ கதை

வட சென்னை டீக்கடையில் குத்துச்சண்டைப் பேச்சை எடுத்துவிட்டால் போதும். முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? ஜோ லூயிசை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் தாங்குவாரா? டீ ஆறிப்போகும். தகராறு ஆறாது.

இப்படிப்பட்ட ஒரு தகராறை அமெரிக்காவில் கம்ப்யூட்டரிடம் கொடுத்துத் தீர்ப்பு வாங்கினார்கள். 1970-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி ராத்திரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தியேட்டர்களில் அந்தச் சண்டையைப் படமாகக் காட்டினார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் போய் உட்கார்ந்தார்கள்.

13-வது ரவுண்டில் முகமது அலி சுருண்டு விழுந்தார்!

ஜெயித்தவருக்கு அந்தச் சேதி தெரியாது. அவர் இறந்து நாலரை மாதம் தாண்டி இருந்தது.

அவர்தான் ராக்கி மார்சியானோ.

ஷூ கம்பெனித் தொழிலாளி மகன்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்று ஓர் ஊர். ஷூ தைக்கும் ஊர். இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த ஒருவர் அங்கே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் விஷப் புகையில் மாட்டி உடம்பு கெட்டுப்போனவர். அவருக்கு 1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி மூத்த மகன் பிறந்தான். ராக்கோ என்று பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயர் மார்க்கெஜியானோ. மேடையில் அறிவிப்பு செய்கிறவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. பின்னால் மார்சியானோ என்று சுருக்கிவிட்டார்கள்.

ஒன்றரை வயதில் நிமோனியா காய்ச்சல் வந்து பையன் செத்துப் பிழைத்தான்.

படிப்பு ஏறவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டான். பள்ளம் தோண்டினான். அப்பா வேலை செய்த ஷூ கம்பெனியிலும் கொஞ்ச நாள் இருந்து பார்த்தான். தோல் வாடை பிடிக்கவில்லை, ஓடி வந்துவிட்டான்.

அவன் ஆசை பாக்ஸிங் இல்லை. பேஸ்பால்! 1943-ல் ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸ் நாட்டில் கொஞ்ச காலம் இருந்தான். பட்டாளத்தில்தான் கையுறை மாட்டிச் சண்டை போடப் பழகினான். திரும்பி வந்ததும் 1947-ல் பேஸ்பால் கோஷ்டி ஒன்றில் இடம் கேட்டுப் போனான். பந்தை எறிகிற கைக்குப் பலம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பலம் இல்லை என்று தள்ளிய அந்த வலது கைதான் பின்னால் உலகத்தையே உலுக்கியது.

குட்டை ஆள், குட்டைக் கை

ஹெவிவெயிட் பாக்ஸர் என்றால் ஆறு அடிக்கு மேல் பனைமரம் போல இருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். மார்சியானோ உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. எடை 185 பவுண்டு, அதாவது 84 கிலோ. கை எட்டுகிற நீளம் 68 அங்குலம். ஜோ லூயிசுக்கு அது 76 அங்குலம். எதிராளியின் குத்து இவர் மூக்கில் வந்து இறங்கும்போது இவர் குத்து பாதி வழியில் நிற்கும்.

சார்லி கோல்டுமேன் என்ற கிழ வாத்தியார்தான் இவரைத் தேற்றினார். அவரும் பழைய பாக்ஸர். ஆளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். நிற்கத் தெரியவில்லை, காலை வைக்கத் தெரியவில்லை. ஆனால் வலது கை பட்ட இடத்தில் ஆள் விழுகிறான்! அதை மட்டும் கெடுக்காமல் மீதியைத் திருத்தினார். குட்டையாக இருக்கிறாயா, இன்னும் குனிந்து குட்டையாகு என்பதுதான் அவர் வித்தை. குனிந்து உள்ளே நுழைந்து, கையிலும் தோளிலும் விலாவிலும் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். பத்து ரவுண்டு போனால் எதிராளிக்குக் கை தூக்க முடியாது. அப்புறம் வலது கை.

மேனேஜர் அல் வெயில் வேறு ரகம். வருமானத்தில் சரி பாதி அவருக்கு!

சாகக் கிடந்த பையன்

1949-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கார்மைன் விங்கோ என்ற 20 வயதுப் பையனுடன் சண்டை. 6-வது ரவுண்டில் பையன் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. மூளையில் அடிபட்டு நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தான். நல்ல வேளை, உயிர் பிழைத்தான். ஆனால் அதற்கப்புறம் மேடை ஏறவே இல்லை.

அந்த நாட்களில் பாக்ஸிங்கையே விட்டுவிடலாமா என்று மார்சியானோ யோசித்தார். விடவில்லை. மூன்றாவது மாதமே ரோலண்ட் லஸ்டார்சாவுடன் மோதி, நூல் இழையில் ஜெயித்தார். மூன்று தீர்ப்பாளர்களில் ஒருவர் லஸ்டார்சாதான் ஜெயித்தார் என்று எழுதினார். 49 ஜெயம் என்று இன்று சொல்கிறோமே, அது அன்றைக்கே உடைந்திருக்க வேண்டியது.

அழுதுகொண்டே ஜெயித்தார்

இனிதான் விஷயம். வேறு வேறு காலத்துப் பாக்ஸர்கள் மோதினால் என்ன ஆகும் என்று கேட்கிறோம் அல்லவா? அது நிஜமாகவே ஒரு தடவை மார்சியானோவுக்கு நேர்ந்தது.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலக சாம்பியன். மார்சியானோ சின்னப் பையனாக இருந்தபோது அவர்தான் தெய்வம். ஓய்வு பெற்றுப்போன லூயிசை வருமான வரிக்காரர்கள் விடவில்லை. பாக்கியைக் கட்ட வழியில்லாமல் மறுபடி கையுறை மாட்டினார். 1951-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி இருவரும் எதிரெதிரே நின்றார்கள். லூயிசுக்கு வயது 37. தலையில் முடி கொட்டி வழுக்கை விழுந்திருந்தது. மார்சியானோவுக்கு 28.

முதல் சில ரவுண்டு லூயிசின் இடது கை நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் கால் தள்ளாடியது. 8-வது ரவுண்டில் இடது கைக் குத்தில் கீழே விழுந்தார். எட்டு எண்ணும்வரை இருந்து எழுந்தார். மார்சியானோவின் வலது கை வந்தது. லூயிஸ் கயிற்றுக்கு வெளியே போய் மல்லாந்தார். கால் மட்டும் உள்ளே!

சண்டை முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவரின் அறைக்குப் போனார். அங்கே நின்று குழந்தை மாதிரி அழுதார்.

பழைய லூயிஸ், புதிய மார்சியானோ, யார் பெரியவர் என்று அன்றைக்கு முடிவாகி விட்டதா? என்னைக் கேட்டால் இல்லை. மேடையில் நின்றது லூயிஸ் இல்லை, லூயிசின் கடன். மார்சியானோவுக்கே அது தெரிந்திருந்ததால்தான் அழுதார் என்று தோன்றுகிறது.

13-வது ரவுண்டு

1952-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி பிலடெல்பியாவில் உலக சாம்பியன் பட்டத்துக்குச் சண்டை. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட். 38 வயது. கில்லாடி ஆசாமி. முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளினார். வாழ்க்கையில் மார்சியானோ விழுந்தது அதுதான் முதல் தடவை.

12 ரவுண்டு முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர் கணக்கிலும் வால்காட்தான் மேலே. இன்னும் மூணு ரவுண்டு நின்றால் பட்டம் அவரிடமே இருக்கும். 13-வது ரவுண்டு தொடங்கி அரை நிமிடம் ஆனது. இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை ஓங்கினார்கள். மார்சியானோவின் கை ஓர் அடி தூரம்கூடப் போகவில்லை, தாடையில் இறங்கியது. வால்காட் கயிற்றில் ஒரு கை மாட்டிக்கொண்டு, மெல்ல மண்டியிட்டுச் சரிந்தார். எண்ணி முடித்தார்கள். அசையவில்லை.

மறுவருஷம் சிக்காகோவில் அதே வால்காட் முதல் ரவுண்டே தாங்கவில்லை.

எஸ்ஸார்டு சார்லஸ் 1954-ல் 15 ரவுண்டும் நின்று காட்டினார். மார்சியானோவை பட்டச் சண்டையில் அப்படிக் கடைசி வரை தாக்குப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். மூன்று மாதம் கழித்து மறுபடி மோதியபோது மார்சியானோவின் மூக்கு நுனி இரண்டாகப் பிளந்தது. ரத்தம் நிற்கவில்லை. சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்ற நிலைமை. 8-வது ரவுண்டில் சார்லசைப் படுக்க வைத்துவிட்டார்.

கடைசிச் சண்டை 1955-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் 60 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். ஆர்ச்சி மூர் 2-வது ரவுண்டில் இவரைக் கீழே தள்ளினார். 9-வது ரவுண்டில் மூர் எழுந்திருக்க முடியவில்லை.

மொத்தம் 49 சண்டை. 49-ம் ஜெயம். அதில் 43 நாக்-அவுட். 1956 ஏப்ரலில் ஓய்வு அறிவித்தார். வயது 32. வருஷத்தில் பாதி நாள் பயிற்சி முகாமில் கிடந்து பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காமல் இருந்தவர். மேனேஜரின் பாதிப் பங்கும் கசந்துவிட்டது. லூயிஸ் மாதிரித் திரும்பி வரச் சொல்லிப் பணத்தைக் காட்டினார்கள். போகவில்லை.

பணத்தில் மட்டும் மனுஷர் விசித்திரம். பாங்கியை நம்ப மாட்டார். செக் கொடுத்தால் வாங்க மாட்டார். எங்கே பேசப் போனாலும் ரொக்கம்தான். அதைக் கொண்டுபோய் எங்கெங்கோ ஒளித்து வைத்தார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சண்டை, இரண்டு தீர்ப்பு

1967-ல் மியாமி நகர ரேடியோக்காரர் முர்ரே வொரோனருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லாக் காலத்து சாம்பியன்களையும் கம்ப்யூட்டரில் மோதவிட்டால் என்ன? பாக்ஸிங் நிருபர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பலம், அடி தாங்கும் சக்தி என்று மார்க் போடச் சொன்னார். அதை மெஷினுக்குள் தள்ளினார். வந்த முடிவை நிஜச் சண்டை வர்ணனை மாதிரி ரேடியோவில் ஒலிபரப்பினார். இறுதிச் சண்டையில் மார்சியானோ, ஜாக் டெம்ப்சியை 13-வது ரவுண்டில் வீழ்த்தினார்.

முகமது அலி என்ன ஆனார்? 1899-ல் பட்டம் வென்ற ஜிம் ஜெப்ரீஸிடம் தோற்றுவிட்டார் என்றது கம்ப்யூட்டர். அலிக்கு வந்ததே கோபம்! அந்த நேரம் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தையும் பிடுங்கி, லைசென்சையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். சண்டை இல்லை, வருமானம் இல்லை. பத்து லட்சம் டாலர் மானநஷ்ட வழக்குப் போட்டார். கடைசியில் ராஜி. மார்சியானோவுடன் கம்ப்யூட்டர் சண்டையில் நடிக்கச் சம்மதித்தார்.

1969 கோடையில் மியாமியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். மார்சியானோவுக்கு 45 வயது. தொப்பை விழுந்திருந்தது. 20 கிலோ வரை இறக்கினார். வழுக்கையை மறைக்கத் தலையில் 'டோப்பா'. லூயிசின் வழுக்கையைப் பார்த்துக் கலங்கியவர், 18 வருஷம் கழித்துத் தன் வழுக்கையை மூடிக்கொண்டு 27 வயது அலியின் முன் நின்றார். குத்து பட்டு டோப்பா பறக்க, எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி நடித்தார்களாம்.

ஒரு நிமிட ரவுண்டாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். முடிவையும் பல விதமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். எந்த முடிவு தியேட்டருக்கு வரும் என்பது பரம ரகசியம். இரண்டு பேரும் அந்தச் சில நாளில் நல்ல சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழிந்தது.

1969-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி ராத்திரி. சிக்காகோவில் இருந்து டி மாய்ன் நகருக்கு ஒரு சின்ன செஸ்னா விமானத்தில் மார்சியானோ புறப்பட்டார். வானிலை மோசம். ஓட்டியவருக்கு அப்படிப்பட்ட ராத்திரியில் ஓட்டுகிற அனுபவம் போதாது. அயோவா மாநிலத்தில் நியூட்டன் ஊர் அருகே வயல்வெளியில் ஒற்றை ஓக் மரத்தில் மோதி விமானம் நொறுங்கியது. உள்ளே இருந்த மூன்று பேரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். மறுநாள் மார்சியானோவுக்கு 46-வது பிறந்த நாள்.

ஒளித்து வைத்த பணத்தைக் குடும்பம் தேடித் தேடிப் பார்த்தது. கிடைக்கவில்லை.

ஜனவரியில் படம் வந்தது. அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ 13-வது ரவுண்டில் ஜெயித்தார். வால்காட்டுக்கும் 13, டெம்ப்சிக்கும் 13, அலிக்கும் 13! ஆனால் இங்கிலாந்தில் காட்டிய படத்தில் ஜெயித்தது முகமது அலி!

ஒரே வழக்குக்கு இரண்டு ஸ்டேஷனில் இரண்டு எப்.ஐ.ஆர். போட்டு, இதில் குற்றவாளி அதில் சாட்சி என்று எழுதிய கதை. போருக்குப் போக மறுத்த கறுப்பர் வெள்ளைக்காரரை வீழ்த்துவதைக் காசு கொடுத்துப் பார்க்க அன்றைய அமெரிக்காவில் கூட்டம் வருமா? மெஷின் போட்ட கணக்கைவிட டிக்கெட் கவுண்டர் போட்ட கணக்குதான் பெரிசு என்பது என் சந்தேகம்.

அலி பிறகு லைசென்சு திரும்பப் பெற்று, மறுபடி சாம்பியன் ஆனது எல்லோருக்கும் தெரியும். 1980-ல் நம் சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். 2016-ல் காலமானார். மார்சியானோ அவரை ஜெயித்திருப்பாரா? அலியின் கால் ஓட்டத்துக்கு இந்தக் குட்டைக் கை எட்டியிருக்காது என்று ஒரு கட்சி. மார்சியானோ ஜெயித்தது எல்லாம் 37, 38 வயதுக் கிழவர்களை என்றும் குறை சொல்வார்கள். 15 ரவுண்டும் மேலே விழுந்து பிடுங்கினால் அலி எத்தனை நேரம் ஓடுவார் என்று இன்னொரு கட்சி. நான் அலி கட்சி. ஆனால் 13-வது ரவுண்டை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அந்த 49-ஐ எட்ட லாரி ஹோம்ஸ் என்ற சாம்பியன் கிட்டத்தட்ட வந்துவிட்டார். 48 சண்டையில் 48 ஜெயம். 49-வது சண்டை லாஸ் வேகாசில். எதிரே நின்றவர் மைக்கேல் ஸ்பிங்க்ஸ், கீழே உள்ள எடைப் பிரிவில் இருந்து வந்தவர். 15 ரவுண்டு முடிந்ததும் மூன்று தீர்ப்பாளர்களும் ஸ்பிங்க்ஸ் பக்கம் கை காட்டினார்கள். தேதி 1985 செப்டம்பர் 21. மார்சியானோ கடைசியாக மேடை ஏறி, சரியாக 30 வருஷம் முடிந்த அதே நாள்.