ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட்: மூவரை விடுவித்த ஆளுநர்

மே தினம் என்றதும் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கம் நினைவுக்கு வரும். 1923ல் சிங்காரவேலர் சென்னையில் செங்கொடி ஏற்றி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதிலிருந்து, தூக்கிலிடப்பட்ட அந்தத் தொழிலாளர் தலைவர்களின் கதை தமிழ் மேடைகளில் வருடந்தோறும் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் அதே வழக்கில் உயிர் தப்பிச் சிறையில் கிடந்த மூவர் எப்படி வெளியே வந்தார்கள் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அவர்களை விடுவித்து, அதற்கு விலையாகத் தன் அரசியல் வாழ்வையே கொடுத்தவர் இலினாய் மாநில ஆளுநராக இருந்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். இங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம்மூர்க் கணக்கில் முதலமைச்சர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆல்ட்கெல்ட் 1847 டிசம்பர் 30ம் தேதி ஜெர்மனியின் நாசாவ் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஒஹாயோ மாநிலத்தில் மேன்ஸ்ஃபீல்டு ஊருக்கு அருகே ஏழைக் குடும்பம். மகன் படிப்பதைவிட வயலில் வேலை செய்வதே பிரயோசனம் என்று நினைத்த அப்பா. பதினாறு வயதில், உள்நாட்டுப் போரின்போது வடக்கர் படையில் நூறு நாள் சிப்பாயாகச் சேர்ந்தார். வர்ஜீனியாவிலிருந்து அவர் கொண்டு வந்தது மலேரியாக் காய்ச்சல். அதன் பாதிப்பு கடைசிவரை அவரை விடவில்லை.

திரும்பி வந்து கொஞ்சநாள் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. எம்மா ஃபோர்டு என்ற பெண்ணை விரும்பினார். பெண்ணின் அப்பா சம்மதிக்கவில்லை. 1869ல் மேற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தார். ஆர்கன்சாஸில் ரயில் பாதை போடும் கூலி வேலை, மறுபடி காய்ச்சல், பிறகு மிசௌரி மாநிலத்தின் சவானா என்ற சிற்றூர். அங்கே சட்டம் படித்து வக்கீலாகி, 1874ல் விவசாயிகளின் ஆதரவோடு கவுண்டியின் அரசு வழக்கறிஞராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு வருடமே அந்தப் பதவியை விட்டுவிட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறினார். எம்மாவை 1877ல் மணந்து கொண்டார். எம்மா பின்னாளில் ஒரு நாவலும் எழுதினார்.

சிகாகோ அப்போது கண்மண் தெரியாமல் வளர்ந்து கொண்டிருந்த ஊர். ஆல்ட்கெல்ட் நிலம் வாங்கி விற்றும் கட்டிடம் கட்டியும் பணக்காரரானார். பதினாறு மாடி யூனிட்டி கட்டிடம் அவருடைய பெருமை. அவரை ஏதோ பிறவிப் புரட்சிக்காரர் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஆனால் 1884லேயே அவர் எழுதிய ஒரு சிறு புத்தகம் வேறொரு ஆளையும் காட்டுகிறது. சிறைகளில் நிரம்பிக் கிடப்பவர்கள் ஏழைகள்தான், அபராதம் கட்ட வழியில்லாதவனை உள்ளே தள்ளி அவனை நிஜமான குற்றவாளியாக்கி வெளியே அனுப்புகிறோம் என்பது அதன் வாதம். ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் வக்கீலாக இருந்த கிளாரன்ஸ் டாரோ அதைப் படித்துவிட்டு, சிகாகோ வந்து ஆல்ட்கெல்டைத் தேடிப் பிடித்தார். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற வழக்கறிஞரான அதே டாரோதான்.

1886 மே 4 இரவு ஹேமார்க்கெட் கூட்டத்தில் போலீஸ்காரர்கள் மீது யாரோ குண்டு வீசினார்கள். வீசியது யார் என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. எட்டு அராஜகவாதிகள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியில் பிறந்தவர்கள். 1887 நவம்பர் 11ல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக் கொண்டார். ஃபீல்டன், ஷ்வாப் இருவருக்கும் ஆயுள் தண்டனை, நீபிக்குப் பதினைந்து வருடம். 1886 முதல் 1891 வரை நீதிபதியாக இருந்த ஆல்ட்கெல்ட் இதைப் பற்றி வெளியே வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் அவர் கணக்கில் வரவு வைக்க மாட்டேன்.

1892ல் ஆளுநர் தேர்தலில் வென்றார். வெளிநாட்டில் பிறந்த முதல் இலினாய் ஆளுநர். உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே வென்ற முதல் ஜனநாயகக் கட்சிக்காரரும் அவரே. பதவிக்கு வந்ததும் மன்னிப்பு மனுக்கள் குவிந்தன. சிகாகோவின் பிரமுகர்கள் பலர்கூடக் கருணை காட்டினால் தேவலை என்ற மனநிலைக்கு வந்திருந்தார்கள். பட்ட தண்டனை போதும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. வழக்கின் முழு ஆவணத்தையும் தோண்டிப் படித்தார். குற்றவாளிகள் என்றால் தண்டனை சரி, இல்லையென்றால் விடுதலை. இடையில் கருணைக்கு வேலையில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1893 ஜூன் 26ல் ஒரு சிறு புத்தகம் அளவுக்கு நீண்ட மன்னிப்பு ஆணை வெளிவந்தது. ஜூரிகளைக் குலுக்கல் முறையில் எடுக்காமல் ஒரு தனி அமீனா தன் இஷ்டத்துக்குப் பொறுக்கியது, ஏற்கனவே முடிவு கட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டவர்களைக்கூட நீதிபதி கேரி ஜூரியில் அனுமதித்தது, குண்டு வீசியவனோடு இவர்களுக்குள்ள தொடர்பு நிரூபிக்கப்படாதது என்று ஒவ்வொன்றாக அடுக்கி, விசாரணையே நியாயமற்றது என்றார். நீதிபதியின் பாரபட்சத்தையும் விட்டு வைக்கவில்லை. மூவரும் ஜோலியட் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. அராஜகவாதி என்றார்கள், அன்னியன் என்றார்கள். நினைவு தெரிவதற்கு முன்பே இங்கே வந்து, இந்நாட்டுக்காகச் சீருடை அணிந்தவரை நாற்பத்தைந்து வயதில் அன்னியன் என்றார்கள். குடியேறிகளான நமக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம். (விவேகானந்தர் சிகாகோ சர்வமத சபையில் பேசியது இது நடந்து இரண்டரை மாதம் கழித்து, அதே 1893 செப்டம்பரில். அவர் வந்து சேர்ந்த ஊரில் அப்போது அடித்துக் கொண்டிருந்த சூறாவளி இது.)

அதே வருடம் ஆல்ட்கெல்ட் கொண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலையில் வைக்கக் கூடாதென்றது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. அதை அமல்படுத்த ஃபுளோரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியை முதல் தலைமை ஆய்வாளராக நியமித்தார். எட்டு மணி நேரப் பகுதியை மட்டும் 1895ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. டிராம் வண்டி முதலாளி யெர்க்ஸுக்குச் சாதகமான மசோதாக்கள் 1895ல் மேஜைக்கு வந்தபோது கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

1894ல் புல்மன் வேலை நிறுத்தம். கூலியைக் குறைத்த புல்மன் கம்பெனி, தொழிலாளர் குடியிருப்பின் வாடகையை மட்டும் குறைக்கவில்லை. ரயில்வே தொழிலாளர்கள் யூஜின் டெப்ஸ் தலைமையில் புல்மன் பெட்டிகளைப் புறக்கணிக்க, ஜூலையில் ஜனாதிபதி கிளீவ்லேண்ட் சிகாகோவுக்கு மத்திய ராணுவத்தை அனுப்பினார். தபால் தடைபடுகிறது என்பது காரணம். மாநில அரசு கேட்காமலே ராணுவம் வருவதா, எங்கள் படையே போதும் என்று ஆல்ட்கெல்ட் தந்திக்கு மேல் தந்தி அடித்தார். இத்தனைக்கும் ஜனாதிபதி அவருடைய கட்சிதான். மாநில உரிமை பேசியே வளர்ந்த தமிழக அரசியலைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை அன்னியமாகத் தோன்றாது. 1895ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் 1896ல் சிகாகோவில் கூடிய கட்சி மாநாடு கிளீவ்லேண்டைக் கைவிட்டது. அதன் பின்னாலிருந்த முக்கிய சக்தி ஆல்ட்கெல்ட். வேட்பாளராக அவரே நின்றிருக்கலாமே என்றால் அதற்கு வழியில்லை. ஜெர்மனியில் கழிந்த அந்த மூன்று மாதங்கள் போதும், ஜனாதிபதிப் பதவி இல்லையென்று சொல்ல. பிரையன் வேட்பாளரானார். தியோடர் ரூஸ்வெல்ட் ஊர் ஊராகப் போய் ஆல்ட்கெல்டைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். பிரையனும் தோற்றார், ஆளுநர் தேர்தலில் ஆல்ட்கெல்டும் தோற்றார். பதவியை ஒப்படைக்கும் விழாவில் அவருக்கு விடைபெறும் உரை நிகழ்த்தக்கூட வாய்ப்புத் தரவில்லை.

யூனிட்டி கட்டிடமும் கையை விட்டுப் போயிற்று. 1899ல் சிகாகோ மேயர் தேர்தலிலும் தோல்வி. கடைசியில் ஒரு காலத்தில் தன்னைத் தேடி வந்த டாரோவின் அலுவலகத்தில் வக்கீலாகச் சேர்ந்தார். 1902 மார்ச்சில் தென்னாப்பிரிக்க போயர்களுக்கு ஆதரவாக ஒரு கூட்டத்தில் பேசி முடித்ததும் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார். மார்ச் 12 அதிகாலையில் இறந்தார். வயது 54. கூட்டம் நடந்த ஊர் ஜோலியட்.

அவர் ஆளுநராக இருந்த ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சே அவரைப் பற்றி எழுதிய இரங்கற்பா அமெரிக்கக் கவிதைத் தொகுப்புகளில் இடம் பெற்றிருக்கிறது. சிகாகோ லிங்கன் பூங்காவில் 1915ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதை வடித்தவர் கட்சன் போர்க்ளம். பின்னர் மவுண்ட் ரஷ்மோர் மலையில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முகத்தைச் செதுக்கியவரும் அவரே.