ராணியின் முடிசூட்டு விழா பதக்கம்... சொந்த நாட்டில் வீடு கட்டத் தடை! யார் இந்த ஆல்பர்ட் நமட்ஜிரா?

கண்காட்சி வைத்தால் படங்கள் மளமளவென விற்றுத் தீரும். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கான்பெராவில் ராணியையே நேரில் சந்தித்தார். ஆனா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு வீடு கட்டிக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. ஒரே காரணம், அவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி.

ஒட்டகக்காரர் ஓவியரான கதை

மத்திய ஆஸ்திரேலியாவில், ஜெர்மானிய லூத்தரன் மிஷன் நடத்திய ஹெர்மன்ஸ்பர்க் குடியிருப்பில் 1902-ல் பிறந்தார். மேற்கு அரண்டா இனம். முதலில் வைத்த பெயர் எலியா. ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஆல்பர்ட் ஆனார். 13 வயதில் தன் இனத்தின் சடங்குகளையும் முடித்தார். ரெண்டு உலகத்திலும் கால் வைத்து வளர்ந்தவர்.

ஒட்டகம் ஓட்டுவது, தச்சு வேலைன்னு பிழைப்பு ஓடியது. 1936-ல் ரெக்ஸ் பேட்டர்பீ என்ற வெள்ளைக்கார ஓவியருக்கு வழிகாட்டியாகப் போனார். கைமாறாக நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். அடுத்த ரெண்டே வருஷத்தில் மெல்போர்னில் முதல் தனிக் கண்காட்சி. 41 படங்களும் விற்றுப்போயின.

வெறும் இயற்கைக் காட்சியா?

மெக்டொனல் மலைத்தொடர், வெள்ளைத் தண்டு யூகலிப்டஸ் மரங்கள், செம்மண் பூமி. இவைதான் அவர் வரைந்தவை. ஐரோப்பிய பாணியைக் காப்பி அடிக்கிறார் என்று சில விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். ஆனா, அரண்டா மக்களுக்கு அந்த மலையும் மரமும் முன்னோர் நடந்த தடம். தன் மக்களிடமிருந்து கைமாறிப்போன நிலத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார் என்று இன்றைய ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

உரிமையே வினையானது எப்படி?

வருமானத்துக்கு வரி கேட்ட அரசு, கால்நடை வளர்க்க நிலம் கேட்டபோது மறுத்தது. 1957-ல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் முழுக் குடியுரிமை கிடைத்தது. ஓட்டுப் போடலாம், மது வாங்கலாம். ஆனா பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் அரசின் பாதுகாப்பில் உள்ளவர்களாகவே நீடித்தார்கள். அவர்களுக்கு மது கொடுப்பது குற்றம்.

இருப்பதைச் சொந்தங்களோடு பங்கிடுவது அரண்டா வழக்கம். 1958-ல், சக அரண்டா ஓவியர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்ததாக வழக்கு. 6 மாத தண்டனை மேல்முறையீட்டில் 3 மாதமாகக் குறைந்தது. பப்புன்யாவில் சுமார் 2 மாதம் காவலில் இருந்து வெளியே வந்தவர் மனசொடிந்து போயிருந்தார். 1959 ஆகஸ்ட் 8-ல், 57 வயதில் இறந்தார்.

இறந்த பிறகும் முடியாத போராட்டம்

1983-ல் அவரது படங்களின் காப்புரிமையை, குடும்பத்தைக் கேட்காமலேயே அரசு அறங்காவலர் வெறும் 8,500 டாலருக்கு ஒரு நிறுவனத்திடம் விற்றார். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2017-ல்தான் அது நமட்ஜிரா குடும்ப அறக்கட்டளைக்குத் திரும்பியது.

ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஓவியப் பரிசு ஆர்ச்சிபால்டு. 1956-ல் நமட்ஜிராவின் உருவத்தை வரைந்த வில்லியம் டார்கி என்ற வெள்ளைக்கார ஓவியர் அதை வென்றார். 2020-ல் அதே பரிசை வென்றவர் நமட்ஜிராவின் கொள்ளுப்பேரன் வின்சென்ட். அந்தப் பரிசை வென்ற முதல் பூர்வகுடி ஓவியர் அவர்தான்.