தாயும் மகனும்

1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் மதுரையில் திண்டிவனத்துக்கு ரயில் டிக்கட் வாங்கினான். கட்டணம் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. திருவண்ணாமலைக்கு அதுவே சமீபமான நிலையம் என்று பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்து எண்ணியிருந்தான். விழுப்புரத்தில் வண்டி மாறலாம் என்று உடன் வந்த மௌல்வி ஒருவர் தெரிவித்தார். விடியற்காலை அங்கிறங்கி, வழி தேடி அலைந்து, ஒரு ஹோட்டலில் உண்டான். அவனிடம் இருந்தது இரண்டரை அணாவே என்றறிந்த ஹோட்டல்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். விழுப்புரம் வாசிகள் இதை நினைத்துப் பெருமை கொள்ளலாம். மாம்பழப்பட்டு வரை ரயிலிலும், பின்பு கால்நடையாகவும் சென்று செப்டம்பர் 1-ந் தேதி அண்ணாமலையை அடைந்த அச்சிறுவனே ஸ்ரீ ரமண மஹரிஷி.

ஞானிக்குத் தாய்ப்பாசம் ஏது என்பார் நம்மிடையே பலர். நாம் அதை ஒப்பவில்லை. தாயின் இடையறாத அரவணைப்புக் கிட்டாத மழலைகளுக்குப் புத்தி வளர்ச்சியும் குன்றக்கூடும் என்று இங்கிலாந்து தேசத்து டாக்டர் ஜான் பௌல்பி 1951-ல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கையில் எடுத்துக் காட்டினார். பெற்றோரின் கவலைச் சுமையும் குழந்தையின் மனத்தைத் தாக்கும் என்பதைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். 1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனுக்கோ அவ்வரவணைப்புக் குறைவின்றிக் கிட்டியது. தந்தை சுந்தரமையர் வக்கீல். வந்தோர்க்கெல்லாம் அன்னமிட்ட இல்லம் அது. தந்தை ஒருமுறை சினந்தபோது சிறுவன் வேறெங்கும் ஓடவில்லை. கோயிலில் அம்மன் சந்நிதியில் போய் அமர்ந்துகொண்டான்.

1892-ல் சுந்தரமையர் காலமானார். குடும்பம் சிதறியது. மூத்த புதல்வர் இருவரும் மதுரையில் சிற்றப்பனிடம் சென்றனர். அழகம்மாள் இளைய குழந்தைகளுடன் மானாமதுரையில் வாழ்ந்தார். விதவையான அவ்வம்மைக்கு, மகன் மறைந்த செய்தி எத்தகைய இடியென்று சொல்லவும் வேண்டுமோ! 1898 டிசம்பரில் பவழக்குன்றில் மகனைக் கண்டு, நாள்தோறும் அழுது அழைத்தார். மௌனத்திலிருந்த மகன் ஒரு காகிதத்தில் விடை எழுதித் தந்தார். அம்மை வெறுங்கையுடன் திரும்பினார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் மேற்கண்டோர் கூற்றை நாமும் ஏற்றிருப்போம். 1914-ல் அண்ணாமலைக்கு வந்த அம்மை கடுஞ்சுரத்தில் வீழ்ந்தபோது பணிவிடை செய்தவர் அம்மகனே. தாய் பிழைக்கவேண்டிப் பாடல்களும் இயற்றினார். 1916 முதல் அழகம்மாள் மலைமீதே மகனுடன் வாழ்ந்தார். 1922-ம் வருஷம் மே 19-ந் தேதி, ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொன்றைச் சிரத்திலும் வைத்து, உயிர் அடங்கும்வரை மஹரிஷி அருகிலேயே அமர்ந்திருந்தார். மலையடியில் அச்சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கெழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949-ல் கும்பாபிஷேகம் நடந்தது. மறு வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி மஹரிஷி மறைந்தார்.